சாய்ந்தாடும் மூன்றடுக்குக் கேக்: உள்ளே எல்லாம் சமமட்டம்

சாய்ந்த கேக் என்று பேருக்குத்தான் சொல்கிறோம். எடை இறங்கும் இடம் ஒன்றுகூட அதில் சாய்ந்திருக்கக் கூடாது. வெளியே பார்த்தால் ஓர் அடுக்கு வலப்பக்கம் சரிந்திருக்கும், அடுத்தது இடப்பக்கம் சரிந்திருக்கும். உள்ளே ஒவ்வோர் அடுக்கின் அடித்தட்டும், ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கும்படி சமமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகள் எல்லாமே இதிலிருந்து வந்தவைதான்.

கேக் கேட்டவர் குளச்சல் பக்கத்துப் பெண். காலையில் கோயிலில் திருமணம், மாலையில் பங்கு மண்டபத்தில் வரவேற்பு. "அக்கா, மூணு அடுக்கு வேணும். பாக்கறவங்களுக்கு இப்ப விழுந்துரும்னு தோணணும், ஆனா விழவே கூடாது" என்றார். மண்டபத்தில் ஏசி கிடையாது. கடல் காற்று நேராக உள்ளே வரும். மாதமோ ஐப்பசி. குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அதனால் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. பட்டர்கிரீம் இந்தச் சூழ்நிலைக்குத் தாங்காது, உள்ளே டார்க் சாக்லேட் கனாஷ் (சாக்லேட்டும் கிரீமும் சேர்த்த பூச்சு), மேலே ஃபாண்டன்ட் (விரித்துப் போர்த்தும் சர்க்கரை மாவு) என்று முதலிலேயே பேசி முடித்துவிட்டோம். மணப்பெண்ணின் பாட்டிக்குப் பிளம் கேக் இல்லாமல் கல்யாணம் கிடையாது. ஆனால் ஊறிய பழமும் முந்திரியும் நிறைந்த கேக்கைச் சாய்வாகச் செதுக்கினால், கத்தி போகிற வழியில் பழம் இழுபட்டு ஓரம் பிய்ந்துவிடும். அதனால் பிளம் கேக்கைத் தனியாகச் சுட்டு, துண்டு போட்டுப் பரிமாறுவது என்று வைத்துக்கொண்டோம். மூன்று அடுக்கும் அடர்த்தியான சாக்லேட் மட் கேக். ஸ்பாஞ்ச் இதற்கு ஆகாது, கத்தி வைத்த இடத்திலேயே அமுங்கிப்போகும்.

இந்த மாதிரி கேக் செய்ய இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதல் வழியில் வழக்கமான நேர் அடுக்குகளைச் செய்து, நடுவில் ஆப்பு மாதிரி வெட்டிய தெர்மாகோலை வைத்துச் சாய்ப்பார்கள். செதுக்கும் வேலை மிச்சம் என்பதால் பலரும் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இதில் ஒவ்வோர் அடுக்கும் நிஜமாகவே சரிவில் உட்காருகிறது. 11 டிகிரி சரிவில் 4 கிலோ எடை உட்கார்ந்தால், கிட்டத்தட்ட 800 கிராம் எடைக்குச் சமமான விசை அதைச் சரிவின் வழியே கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். குளிர்ச்சி இருக்கும்வரை கனாஷ் பிடித்துக்கொள்ளும். மண்டபத்துச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் போனால் பிடி தளரும். நடுவில் கம்பி இருந்தாலும் அது பலகையைத்தான் பிடிக்கும், மேலே இருக்கும் கேக்கைப் பிடிக்காது. சரிவில் கிடக்கும் கேக் லேயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்ந்து, ஃபாண்டன்ட் ஒரு பக்கம் பிதுங்கும். இந்த வகைக் கேக் கவிழ்வது அபூர்வம். வழுக்கித்தான் கெடும்.

இரண்டாவது வழி செதுக்குவது. ஒவ்வோர் அடுக்கையும் பூந்தொட்டி போல அடி குறுகி மேலே விரிந்ததாகச் செதுக்கி, மேற்பரப்பை மட்டும் சாய்வாக வெட்ட வேண்டும். அந்தச் சாய்வுக்குள் அடுத்த அடுக்கு உட்கார ஒரு வட்டக் குழி வெட்டி, குழியின் தரையைச் சமமாக எடுக்க வேண்டும். மேலடுக்கு குழிக்குள் நேராக உட்காரும். சுற்றிலும் இருக்கும் சாய்ந்த விளிம்பு கண்ணை ஏமாற்றிவிடும். நான் செய்தது இதுதான்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன், இவை இல்லாமல் மற்றது புரியாது. கீழ் அடுக்கு மேலே 10 அங்குலம், அடியில் 8½. உயரம் ஒரு பக்கம் 6 அங்குலம், எதிர்ப்பக்கம் 4. நடு அடுக்கு மேலே 7½, அடியில் 6, உயரம் 5½-க்கு 4. மேல் அடுக்கு மேலே 5½, அடியில் 4, உயரம் 5½-க்கு 4½. கீழே 10 அங்குலத்துக்கு 2 அங்குலம் ஏற்றம், நடுவில் 7½-க்கு 1½. இரண்டுமே ஒரே சாய்வு, 11 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. மேல் அடுக்கும் கிட்டத்தட்ட அதுதான். சாய்வின் விகிதம் அடுக்குக்கு அடுக்கு மாறினால் கேக் வேடிக்கையாகத் தெரியாது, கோணலாகத்தான் தெரியும். 11 டிகிரி குறைவோ என்று யோசிப்பவர்களுக்கு: பைசா கோபுரத்தின் சாய்வு இன்றைக்கு ஏறத்தாழ 4 டிகிரிதான்.

கவிழுமா என்ற பயம் எல்லோருக்கும் வரும், அதனால் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். மேற்பரப்பு சாய்ந்த உருளையில் உயரமான பக்கம் கனம் கூடுவதால் எடை மையம் அந்தப் பக்கம் நகரும். எவ்வளவு? ஆரத்தின் வர்க்கத்தைச் சாய்வால் பெருக்கி, சராசரி உயரத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். கீழ் அடுக்குக்கு ஆரம் 5, சாய்வு 0.2, உயரம் 5 அங்குலம் என்று வைத்தால் கால் அங்குலம் வருகிறது. ஆசாரிக் கணக்கில் இரண்டு நூல். எட்டரை அங்குல அடித்தட்டில் இரண்டு நூல் ஒரு பொருட்டே இல்லை. நடு அடுக்கின் உயரமான பக்கத்தை எதிர்த்திசையில் வைத்தால் அதிலும் ஒரு பகுதி ஈடாகிவிடும். பார்ப்பவர் நெஞ்சு படபடக்கலாம், அடித்தட்டு சமமாக இருக்கும்வரை கேக்குக்கு ஒன்றும் ஆகாது.

முதலில் பலகை வேலை. 14 அங்குல வட்டத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் 10 மில்லிமீட்டர் எஸ்.எஸ். திரெட் ராடு, அதாவது நீளம் முழுக்க மரை போட்ட எவர்சில்வர் கம்பி. பட்டறை அண்ணாச்சியிடம் படத்தைக் காட்டினேன். "கம்பி குத்துக்கு நிக்கணும் தங்கச்சி, அது ஒரு நூல் சாஞ்சாலும் மேல எத்தனை போகும்னு பாரு" என்று சொல்லி, மூலைமட்டத்தை வைத்து நாலு பக்கமும் பார்த்துத்தான் நட்டை முறுக்கினார். பலகையின் அடியில் நட்டும் வாஷரும் உள்ளே அமுங்கும்படி பள்ளம் எடுத்தார், மேலே இன்னொரு வாஷரும் நட்டும் போட்டார். அடியில் நான்கு ரப்பர் புஷ். தூக்கும்போது விரல் நுழைய அந்த இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் மேசையிலிருந்து எடுக்கவே முடியாது. கம்பி பலகைக்கு மேலே பத்தரை அங்குலம் நிற்கும். கீழ் அடுக்கையும் நடு அடுக்கையும் முழுக்கக் கடந்து, மேல் அடுக்குக்குள் 2 அங்குலம் போய் முடியும். அதன் மேல் பபிள் டீ ஸ்ட்ராவை உறை போலச் செருகிவிட்டால் கேக் இரும்பைத் தொடாது. அந்த ஸ்ட்ராவின் அகலம் 10 மில்லிமீட்டர் கம்பிக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. மூன்று அடுக்குக்கும் 8½, 6, 4 அங்குல எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வட்டங்கள் வெட்டி, நடுவில் 14 மில்லிமீட்டர் ஓட்டையையும் அங்கேயே போட்டு வாங்கிக்கொண்டேன். எம்டிஎஃப் தூள் கேக்கில் படாமலிருக்க இரு பக்கமும் உணவுக்கு ஏற்ற ஃபாயில் ஒட்டினேன்.

கேக்குகளை 10, 8, 6 அங்குல டின்களில் சுட்டு, க்ளிங் ராப்பில் சுற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தேன். செதுக்கும் கேக் குளிர்ந்து இறுகியிருக்க வேண்டும். வெதுவெதுப்பான கேக்கில் கத்தி வைக்கவே கூடாது.

செதுக்குவதில் வரிசை முக்கியம். லேயர்களைக் கனாஷ் தடவி அடுக்கி, கீழ் அடுக்குக்கு 5 அங்குல உயரத்தில் தட்டையாக முடித்தேன். இன்னும் சாய்வு வெட்டவில்லை. அடியில் வரப்போகும் 8½ அங்குல எம்டிஎஃப் வட்டத்தை இப்போது கேக்கின் தலையில் நடுவாக வைத்து, அதன் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வெளியே விரியும்படி பிரெட் கத்தியால் சீவிக்கொண்டே வந்தேன். ஒரே வெட்டில் எடுக்க முயலாமல், மெல்லிய சீவல்களாக எடுத்தால் டர்ன்டேபிளைச் சுழற்றச் சுழற்றச் சரிவு தானாக ஒழுங்காகும். பிறகு மேலே இன்னொரு பலகை வைத்து, இரண்டு பலகைக்கும் நடுவே பிடித்து ஒரே மூச்சில் திருப்பிவிட்டேன். இப்போது குறுகிய பக்கம் அடியில் இருக்கும். சாய்வை முதலில் வெட்டிவிட்டால் தலைகீழாக நிறுத்த முடியாது. அதனால்தான் சரிவுச் சுவர் முதலில், சாய்வு அப்புறம்.

சாய்வை எடுக்கும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. 5 அங்குல உயரக் கேக்கில் ஒரு பக்கத்தில் 4 அங்குல உயரத்தில் ஒரு பல்குத்தி, எதிர்ப்பக்கம் மேல் விளிம்பிலேயே ஒரு பல்குத்தி, நடுவில் இரு பக்கமும் நாலரையில் ஒன்று. இந்த நான்கையும் தொட்டுக்கொண்டு கத்தியை நீளமாக இழுத்தால் ஆப்பு வடிவத்தில் ஒரு துண்டு கழன்று வரும். ஒரு பக்கம் 1 அங்குலத் தடிமன், மறுபக்கம் ஒன்றுமில்லை. அந்தத் துண்டைத் தூக்கி, அரை வட்டம் திருப்பி, கனாஷ் தடவி அதே இடத்தில் வைத்தால் தடித்த பக்கம் உயரமான ஓரத்தின் மேல் ஏறும். உயரம் 6 ஆகிவிடும், தாழ்ந்த பக்கம் 4-லேயே நிற்கும். கேக் ஒரு துளியும் வீணாகாமல் சாய்வு இரட்டிப்பாகிறது. துண்டின் மெல்லிய நுனி மட்டும் உதிரும், அந்த அரை அங்குலத்தைச் சீவி எடுத்துவிட்டு கனாஷால் நிரப்பிவிடலாம். பக்கச் சுவரில் துண்டு துருத்தும் இடங்களையும் அப்போதே சீவிக்கொள்ளலாம்.

அடுத்து குழி. 6 அங்குல அடுக்கு உட்காரும் இடத்தில் சாய்ந்த பரப்பின் உயரம் தாழ்ந்த ஓரத்தில் 4.4 அங்குலம், உயர்ந்த ஓரத்தில் 5.6. குழியின் தரை இரண்டுக்கும் கீழே போக வேண்டும். 4¼ அங்குலம் என்று வைத்தேன். ஆக ஒரு பக்கம் குழியின் ஆழம் ஒரு நூலுக்குச் சற்று மேலே, எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 1⅜ அங்குலம். மேலே வரும் அடுக்கில் அவ்வளவு உயரம் உள்ளே மறைந்துவிடும். அதை நினைத்து அடுக்கின் உயரத்தை முதலிலேயே கூட்டி வைக்காவிட்டால் நடு அடுக்கு குள்ளமாகத் தெரியும். குழியின் விட்டம் பலகையைவிடக் கால் அங்குலம் கூடுதல், இறக்கும்போது பேலட் நைஃப் (மெல்லிய தட்டைக் கத்தி) வெளியே வர அந்த இடம் வேண்டும்.

சிறிய கத்தியால் வட்டம் கீறி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி எடுத்தேன். தரை சமமாகிவிட்டது என்று கண்ணை நம்பி முடிவு செய்ய முடியாது. சுற்றிலும் சாய்ந்த விளிம்பு இருப்பதால் சமமான தரையே எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகத் தெரியும். அதனால் 6 அங்குலப் பலகையைக் குழிக்குள் போட்டு, அதன் மேல் கைக்கடக்கமான ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு திசையில் பார்த்தது போதாது. கால் வட்டம் திருப்பி ஒரு முறை, பிறகு ரசமட்டத்தையே முனை மாற்றி வைத்து ஒரு முறை. முனை மாற்றினால் குமிழி வேறு இடத்துக்குப் போனால் ரசமட்டமே சரியில்லை என்று அர்த்தம். எங்கே உயரமோ அங்கே ஒரு சீவல் எடுத்து, கடைசியில் கனாஷ் மெல்லிசாகத் தடவி, பலகையை அழுத்தி வைத்துக் குளிரவிட்டால் தரை கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

மேலடுக்கின் எடையைத் தாங்கக் கேக்குக்குள் செருகும் டவெல் குச்சிகளுக்கு இந்த முறையில் பெரிய வசதி ஒன்று உண்டு. குழியின் தரை சமம் என்பதால் எல்லாக் குச்சிக்கும் ஒரே நீளம். சரிவில் வைப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனி நீளத்தில், முனையைச் சாய்வாக வெட்ட வேண்டும், அது ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. நான் பபிள் டீ ஸ்ட்ராவையே பயன்படுத்தினேன். கீழ் அடுக்கில் குழியின் ஓரத்திலிருந்து முக்கால் அங்குலம் உள்ளே தள்ளி வட்டமாக ஐந்து, நடு அடுக்கில் நான்கு. ஒன்றைச் செருகி, தரை மட்டத்தில் குறித்து, வெளியே எடுத்து வெட்டி, மற்றவற்றை அதை வைத்தே வெட்டினேன். ஒன்று மட்டும் அரை நூல் உயர்ந்து நின்றாலும் பலகை அதன் மேல் ஆடும். தாழ்ந்திருந்தால் அந்த எடையைக் கேக் சுமக்கும். மட் கேக் என்றாலும் கேக்கை எடை சுமக்க விடக் கூடாது.

கனாஷில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டார்க் சாக்லேட்டுக்கு வழக்கமாக 2 பங்கு சாக்லேட், 1 பங்கு கிரீம். ஏசி இல்லாத கடலோர மண்டபத்துக்கு நான் இரண்டரைப் பங்கு சாக்லேட் போட்டேன். நம் கடைகளில் கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள பேக்கெட் கிரீமில் தண்ணீர் கூடுதல், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். செலவைக் குறைக்கக் கவர்ச்சரையும் (கோகோ பட்டர் உள்ள சாக்லேட்) காம்பவுண்டையும் (அதற்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த மலிவு சாக்லேட்) பாதிப் பாதி கலப்பவர்கள் உண்டு. தயவுசெய்து கலக்காதீர்கள். கோகோ பட்டரும் காம்பவுண்டில் இருக்கும் பாம் கர்னல் கொழுப்பும் சேர்ந்தால், தனித்தனியாக இருப்பதைவிட மெத்தென்று ஆகிவிடும். இறுக வேண்டிய கேக்கில் அதுதான் ஆகாது.

அடி குறுகிய சுவரில் ஃபாண்டன்டை மேலிருந்து போர்த்தினால் கீழே பாவாடை மாதிரி மடிப்பு விழும். அதனால் மேற்பரப்புக்குத் தனி வட்டம், சுவருக்குத் தனிப் பட்டை. பட்டையை நேராக வெட்டினால் பொருந்தாது. முதலில் பட்டர் பேப்பரைச் சுவரைச் சுற்றி இறுக்கமாக ஒட்டி, மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் பென்சிலால் வரைந்து, பிரித்து மேசையில் விரித்துப் பார்த்தேன். அடி விளிம்பு வில்லாக வளைந்திருந்தது. மேல் விளிம்பு ஒரு முனையில் தாழ்ந்து, நடுவில் ஏறி, மறுமுனையில் மீண்டும் தாழ்ந்து அலையாக இருந்தது. அந்தக் காகிதத்தை ஃபாண்டன்ட் மேல் வைத்து வெட்டினால் பொருத்தம் அச்சாக வரும். அரை கிலோ ஃபாண்டன்டுக்கு ஒரு டீஸ்பூன் சிஎம்சி பவுடர் (ஃபாண்டன்டை விறைப்பாக்கும் பொடி) பிசைந்து, வெட்டியபின் பத்து நிமிடம் காற்றில் விட்டால் பட்டை தொங்காமல் நிற்கும். அதை உருட்டுக்கட்டையில் சுருட்டி, கேக்கின் பின்பக்கத்தில் தொடங்கி சுவர் மேல் பிரித்துக்கொண்டே வந்தேன். இணைப்பு தாழ்ந்த பக்கத்தில் விழுந்தால் நீளம் குறைவு, மறைப்பது எளிது.

ஃபாண்டன்ட் போட்டபின் கேக்கை வெறுமனே ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் இந்த ஈரக் காற்றில் முத்து முத்தாக வியர்க்கும். அட்டைப் பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, அப்படியே ஃபிரிட்ஜில் வைத்தேன். வெளியே எடுத்ததும் பெட்டியைத் திறக்கவில்லை. ஈரம் பெட்டியின் மேல் படியும், கேக் உள்ளே மெதுவாக அறைச் சூட்டுக்கு வரும்.

மூன்று அடுக்கையும் தனித்தனியாகத்தான் கொண்டுபோனேன். கம்பியோடு கீழ் அடுக்கு ஒரு பெட்டி, மற்ற இரண்டும் தனிப் பெட்டிகள், கார் டிக்கியின் தட்டையான தரையில், அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. சீட்டில் வைக்கக் கூடாது, சீட்டே பின்பக்கம் சரிந்திருக்கும்.

மண்டபத்தில் கேக் மேசையை மணமக்கள் உட்காரும் பலகை மேடையின் மேல் போட்டிருந்தார்கள். ஃபோட்டோகிராஃபர் ஒரு காலை எடுத்து வைத்தாலே பலகை அதிர்ந்தது. பெண்ணின் சித்தப்பாவிடம் சொல்லி மேசையை மேடைக்குக் கீழே, சிமெண்ட் தரைக்கு மாற்ற வைத்தேன். வாடகை மடக்கு மேசையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு கால்களுக்கு அடியில் பிளைவுட் சில்லுகளைச் செருகிச் சமமாக்கிய பிறகுதான் பெட்டியைத் திறந்தேன். மேசை சாய்ந்திருந்தால் உள்ளே எடுத்த சமமட்டம் எல்லாம் போச்சு. தலைக்கு மேலே இருந்த ஃபேனையும் நிறுத்தச் சொன்னேன், அது ஃபாண்டன்டை ஒரு பக்கமாகக் காயவைத்து வெடிப்பு விடும்.

நடு அடுக்கைக் கம்பிக்கு மேலே தூக்கி, ஓட்டையைப் பார்த்து நேராக இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தூக்க, மற்றவர் பக்கவாட்டில் குனிந்து ஓட்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன் குழியின் தரையில் ஐசிங் சுகர் தூவினேன், பிறகு கழற்றும்போது பலகை ஒட்டாது. கடைசி அரை அங்குலத்துக்கு எதிரெதிர் பக்கத்தில் இரண்டு பேலட் நைஃப்களைக் கொடுத்து இறக்கி, ஒன்றன்பின் ஒன்றாக உருவிக்கொண்டேன். உட்கார்ந்ததும் சுற்றியிருந்த இடைவெளியில் ஃபாண்டன்ட் உருண்டைகளை மாலையாகக் கோத்து மூடினேன். மேல் அடுக்கும் அப்படியே. எல்லாம் ஏறியபின் பலகையை இரண்டு கையாலும் மெல்ல அசைத்துப் பார்த்தேன், மூன்றும் ஒன்றாக அசைந்தன. மணப்பெண் உள்ளே வந்து பார்த்தபோது கையை நீட்டிப் பிடிக்கப் போனார். அவர் கேட்டதும் அதைத்தானே.

வெட்டும் இடத்தையும் நான்தான் காட்டிக் கொடுத்தேன். கீழ் அடுக்கின் உயரமான ஓரத்தில், குழிக்கு வெளியே ஏறத்தாழ 2 அங்குலம் வெறும் கேக். அங்கே குச்சியும் இல்லை, கம்பியும் இல்லை. மணமக்கள் கத்தியை அங்கே நேர் கீழாக இறக்கினால் போதும், ஃபோட்டோவுக்கும் அந்தப் பக்கம்தான் அழகு. பரிமாறும்போது மேலிருந்து கழற்றிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வோர் அடுக்கையும் நேர் மேலே தூக்க வேண்டும், சாய்த்து எடுத்தால் கம்பி கேக்கைக் கிழித்துவிடும். மண்டபத்துச் சமையல்காரரிடம் கீழே ஐந்து ஸ்ட்ரா, நடுவில் நான்கு, கம்பி உறை ஒன்று, மொத்தம் பத்து என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். துண்டு போடும் முன் பத்தையும் எண்ணித் தனித் தட்டில் போட்டுக் காட்டினார். அதன் பிறகுதான் தட்டுகள் பந்திக்குப் போயின.